ஏழாம் நம்பர் காட்டுமாடு

முருகேஸ்வரிக்கு ஐம்பத்து நாலு வயது. பழனி அடிவாரத்தில், பஞ்சாமிர்தக் கடைகளுக்குப் பின்னால் ஓடும் ஒரு சந்தில், விரல் உயரத்துக்கு பிளாஸ்டிக் பொம்மை செய்து விற்கிறவள். கைவினைக் கலைஞர் என்று யாராவது சொன்னால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு தடவை ஏதோ காலேஜிலிருந்து கேமராவோடு வந்த இரண்டு பேர் அப்படித்தான் பேச்சை ஆரம்பித்தார்கள். "கலையும் இல்ல, களிமண்ணும் இல்லப்பா. பிளாஸ்டிக் குருணையப் போடுறேன், உருக்குறேன், அமுக்குறேன், எடுக்குறேன். இட்லிக்காரி பாக்குற சோலிதான்" என்று சொல்லி, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டாள்.

பொம்மை அமுக்குகிற அந்தக் கை மெஷினை வாங்கியது அவள் இல்லை. அவள் புருஷன் செந்தில்வேல். இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் திண்டுக்கல்லில் எவனோ சொன்ன பேச்சைக் கேட்டு, சீப்பு செய்து பெரிய ஆளாகிவிடலாம் என்று பழைய மெஷின் ஒன்றை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். பழனியில் சீப்பு விற்க நினைத்த மனுஷனை என்னவென்று சொல்வது? ஊருக்கு வருகிற கூட்டமெல்லாம் மொட்டை போட வருகிற கூட்டம். அதைக்கூட யோசிக்காமல் மெஷினை இறக்கினார், இறக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது, அன்றைக்கு உட்கார்ந்தவர்தான். இன்றைக்கும் வாசலில் நாற்காலி போட்டு, நெற்றி நிறைய விபூதி பூசி, பெரிய பொறுப்பில் இருப்பவர் மாதிரி உட்கார்ந்திருக்கிறார்.

சீப்பு வார்க்கும் டையை, அதாவது இரும்பு அச்சை, தூக்கிப் பரணில் போட்டுவிட்டு, முருகேஸ்வரி ஒரு மயில் டை செய்து வாங்கினாள். மயில் போயிற்று. அடுத்து சேவல், அப்புறம் யானை, அப்புறம் மலைமேல் ஆட்களை இழுத்துக்கொண்டு ஏறும் வின்ச் வண்டி. இப்படியே வருஷத்துக்கு ஒன்றாகச் சேர்ந்து பன்னிரண்டு ஆனது. ரோப் காரும் பஸ்ஸும் மலைப்பூண்டும், கொடைக்கானல் ஏரிப் படகும் மட்டக் குதிரையும் பேரிக்காயும், ஒரு குரங்கும், ஒரு காட்டுமாடும் அதில் அடக்கம். ஒவ்வொன்றின் அடியிலும் நம்பர் இருக்கும். எந்த டை எந்தப் பெட்டிக்குரியது என்று மறந்துபோகாமல் இருக்கப் போட்ட நம்பர் அது. ஆனால் அந்த நம்பர்தான் பிள்ளைகளைப் பைத்தியமாக அடித்தது. ஒண்ணு இருக்கு, மூணு இருக்கு, ரெண்டு எங்கே என்று கேட்டு அழுதார்கள். ரெண்டு கிடைத்தால் ஐந்துக்கு அழுதார்கள்.

எல்லாரும் அழுதது ஏழாம் நம்பருக்கு. ஏழு, காட்டுமாடு. கொடைக்கானலில் அது சாயங்கால நேரத்தில் நடு ரோட்டில் வந்து நிற்கும், நாம்தான் ஒதுங்கிப் போக வேண்டும். அந்த டைக்கு மட்டும் பிறக்கும்போதே கழுத்தருகே ஒரு விரிசல். அதிகம் அமுக்கினால் பிளந்துபோகும் என்று பயந்து வருஷத்துக்கு இருபது உருப்படி எடுத்தால் அதிகம். இதைத் தந்திரம் என்று நினைத்த சந்துக்காரர்கள் முருகேஸ்வரியை மகா கெட்டிக்காரி என்றார்கள். அவளும் மறுக்கவில்லை. கெட்டிக்காரி என்று ஊர் சொல்லும்போது, இல்லை, டை ஓட்டை என்று எவள் சொல்வாள்?

பழனியில் கூடையில் போட்டு விற்கிறவர்கள் மயிலும் யானையும் மட்டும்தான் எடுப்பார்கள். பன்னிரண்டும் வரிசையாக நிற்கிற இடம் உலகத்தில் ஒன்றே ஒன்று. கொடைக்கானல் ஏரிப் பக்கம் சுப்புராஜ் என்பவனின் பொம்மைக் கடையில் இருந்த நாலடிக் கண்ணாடி அலமாரித் தட்டு. இருபத்திரண்டு வருஷமாக அது முருகேஸ்வரியின் தட்டு. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் மலை ஏறுவாள். வளைவுக்கு வளைவு வாந்தி எடுப்பவர்களைத் திட்டிக்கொண்டே போய், தட்டைத் துடைத்து, ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை தானே அடுக்கிவிட்டு வருவாள். ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குக் காய் கொண்டுவரும் மேல்மலை ஜனங்கள் திரும்பிப் போகும்போது பிள்ளைக்கு ஒன்று வாங்குவார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை வைத்து அழுத்துவார்கள். மூக்கு பட்ட தடத்தைத் துடைப்பதற்கு அவள் சலித்துக்கொண்டதே இல்லை.

பிறகு என்ன ஆனதென்று உங்களுக்கே தெரியும். முதலில் சீனாச் சரக்கு வந்தது, பிறகு பிள்ளைகள் கையில் போன் வந்தது. சந்தில் இருந்த ஐந்து மெஷினில் நாலு எடைக்குப் போயிற்று. எதிர்வீட்டுக்காரன் மெஷினை விற்ற கையோடு போன் கவர் கடை வைத்தான். அதற்கடுத்து இந்தப் பல்லுக்காரி பொம்மை. மயிர் முளைத்த உடம்பு, முயல் காது, வாய் நிறையக் கோரைப் பல். பூனையா பேயா என்று பெற்றவளுக்கே தெரியாது. அதைப் பைசா பைசாவாய்ச் சேர்த்து வாங்கிப் பையில் தொங்கவிட்டுக்கொண்டு காலேஜ் பெண்கள் ஏரியைச் சுற்றுகிறார்கள்.

மாசி மாதம் ஒரு நாள் சுப்புராஜ் போன் செய்தான்.

"அக்கா, கோவிச்சுக்கிறாதீங்க. மே சீசனுக்கு அந்தத் தட்டு எனக்கு வேணும்."

"எதுக்கு? அந்தப் பல்லுக்காரிய உக்கார வைக்கவா?"

"கஸ்டமர் கேக்குறாங்கக்கா. ஒங்க சரக்கு போன தீவாளிக்கு வச்ச எடத்துலயே கெடக்கு. நானும் எத்தன நாளைக்குப் பாப்பேன், சொல்லுங்க. பங்குனி உத்திரம் வரைக்கும் டைம் எடுத்துக்கங்க. சரக்கு நகந்துச்சுன்னா தட்டு ஒங்களுக்குத்தான்."

போனை வைத்ததும் முருகேஸ்வரி சுப்புராஜின் பரம்பரையை மூன்று தலைமுறை பின்னால் வரைக்கும் போய்த் திட்டினாள். திட்டி முடித்தபிறகும் ஆறவில்லை. வருத்தம்தான், வேறென்ன. அந்தத் தட்டு போனால் பன்னிரண்டும் சேர்ந்து நிற்க இடமில்லை. மயிலும் யானையும் மட்டும் அமுக்குவதற்கு அவள் எதற்கு? தட்டு போன அன்றைக்குப் பொம்மையை நிறுத்திவிடுவது என்று முடிவு செய்தாள். செந்தில்வேலிடம் சொன்னாள். அவர் யோசித்துவிட்டு, "அப்ப சீப்பு போடலாமா?" என்று கேட்டார்.

மகள் சுசித்ரா கொடைக்கானலில் ஒரு ஓட்டலில் ரிசப்ஷனில் இருக்கிறாள். லீவுக்கு வந்தவள்தான் அந்த யோசனையைச் சொன்னாள்.

"அம்மா, அந்தப் பல்லுக்காரி டால் ஏன் அவ்ளோ ஓடுதுன்னு தெரியுமா? பாக்ஸ் சீல் பண்ணி இருக்கும். உள்ள எது இருக்குன்னு தெரியாமயே வாங்குவாங்க. அதான் திரில். நீயும் மூடிக் குடு."

"தெரியாம வாங்கிட்டு வந்துதான் ஒங்கப்பா இந்த மெஷின எறக்குனாரு. பத்தாதா?"

"ட்ரை பண்ணித்தான் பாரேம்மா."

சரி, போகிற உசிருக்கு இதையும் பார்ப்போம் என்று முருகேஸ்வரி இறங்கினாள். பெட்டிக்கு எங்கே போவது? வீட்டில் வெள்ளைத் தாள் கட்டு கட்டாகக் கிடந்தது. வேலை இல்லாத மாதங்களில் கடைக்காரர்களுக்கு விபூதிப் பொட்டலம் மடித்துக் கொடுத்த காலத்துத் தாள். அவள் கைக்குத் தெரிந்த மடிப்பும் அது ஒன்றுதான். ஏழாம் நம்பரை விட்டுவிட்டு மற்ற பதினொன்றையும் அப்படியே மடித்தாள். மடித்த பிறகு கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் தெரிந்தது. யானைக்குத் தும்பிக்கை, படகுக்கு முனை. குரங்கின் வால் மட்டும் தாளுக்குள்ளிருந்து குத்திக்கொண்டு நின்றது. பெற்றவளுக்குத் தெரியும், வருகிறவனுக்கு என்ன தெரியப்போகிறது என்று விட்டுவிட்டாள்.

பொட்டலங்களை வைக்கப் பாத்திரம் தேடினாள். கல்யாணத்துக்கு வந்த பித்தளைத் தாம்பாளம் கிடைத்தது. அதில் குவித்து, வாசலில் முக்காலி மேல் வைத்தாள். பக்கத்தில் பட்டை அடித்த நெற்றியோடு செந்தில்வேல். மலை அடிவாரம், பித்தளைத் தட்டு, விபூதி மடிப்பு, அருகே வாயைத் திறக்காமல் ஒரு பெரியவர். என்ன ஆகும் என்று குழந்தைக்குக்கூடத் தெரிந்திருக்கும். பொம்மையைத் தவிர வேறெதையும் நினைக்காத முருகேஸ்வரிக்குத்தான் தெரியவில்லை.

முதலில் வந்து நின்றவர் அய்யம்பாளையத்துத் தென்னந்தோப்புக்காரர் திருமலைச்சாமி. தட்டைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றினார். கண்ணை மூடி, கை கூப்பி, முணுமுணுத்து, ஒரு பொட்டலத்தை எடுத்தார். இந்தப் பக்கத்தில் நல்லது கெட்டதுக்குப் பூவைப் பொட்டலம் கட்டிச் சாமி முன்னால் போட்டு வாக்குக் கேட்பது எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். வெள்ளைப் பூ வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. திருமலைச்சாமி அப்படித்தான் எடுத்தார். பிரித்தார். உள்ளே பூ இல்லை. வின்ச் வண்டி இருந்தது.

"அம்மா, தோப்புல போர் போடலாமான்னு கேட்டேன். இது வந்துருக்குங்க. தண்ணி ஏறும்ங்களா?"

முருகேஸ்வரி அப்போது டீக்கடைக்காரனோடு சண்டையில் இருந்தாள். திரும்பிப் பார்க்காமல், "வின்ச்சு தானே, ஏறும், எறங்கும், நடுவுல கொஞ்சம் நிக்கும்" என்றாள்.

திருமலைச்சாமிக்குக் கண் கலங்கிவிட்டது. செந்தில்வேலின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார். செந்தில்வேல் பதறவே இல்லை. இத்தனை வருஷம் கழித்து இப்போதாவது வந்தார்களே என்பது போலக் கையைத் தூக்கினார்.

ஒரு வாரத்தில் திருமலைச்சாமி வேன் நிறைய ஆட்களோடு வந்து இறங்கினார். போரில் தண்ணீர் ஏறியதாம், இறங்கியதாம், மோட்டார் போட்டால் நடுவில் கொஞ்சம் நிற்கிறதாம். அம்மா சொன்னது ஒரு சொல் பிசகவில்லை. எந்தப் போரில்தான் அப்படி இல்லை என்று கேட்கிற புத்தி அந்த வேனில் ஒருத்தருக்கும் இல்லை.

அதற்கப்புறம் தாம்பாளம் காலியாகக் காலியாக நிரப்ப வேண்டியதாயிற்று. திருமலைச்சாமி தானாகவே ஒரு சாஸ்திரமும் எழுதிவிட்டார். மயில் என்றால் நினைத்தது நடக்கும். சேவல் என்றால் கேஸ் ஜெயிக்கும். யானை என்றால் பணம் சேரும். பஸ் வந்தால் டிரான்ஸ்பர். பேரிக்காய் வந்தால் வீட்டில் தொட்டில் ஆடும். பூண்டு வந்தால் வாயுத் தொல்லை தீரும். படகோ குதிரையோ ரோப் காரோ வந்தால் பொறுத்திரு. குரங்கு வந்துவிட்டால் எவனோ ஏமாற்றப் பார்க்கிறான், அந்தக் காரியத்தை அப்படியே விட்டுவிட வேண்டும். இதையெல்லாம் அவர் வரிசையில் நிற்கிறவர்களுக்கு விளக்கினார், செந்தில்வேல் தலையாட்டினார்.

மெஷின் சூடு ஆறவில்லை. முருகேஸ்வரி சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். முதல் பத்து நாள் பட்டாள். பிறகு ஒரு நாள் காலையில் வாசல் கூட்டும்போது சாக்கடை ஓரத்தில் குரங்குகள் கிடப்பதைப் பார்த்தாள். குரங்கு மட்டுமில்லை. படகு, குதிரை, ரோப் கார். வேண்டாத வாக்கு வந்தவர்கள் பிரித்த இடத்திலேயே போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். மயில் வந்தவர்கள் மட்டும் கண்ணில் ஒற்றி எடுத்துப் போயிருந்தார்கள். அவர்களும் மயிலைத் திருப்பி அடியில் நம்பரைப் பார்க்கவில்லை. பொம்மையாகப் பார்த்தவர் ஒருத்தர்கூட இல்லை. ஒவ்வொரு குரங்குக்கும் கண்ணில் வெள்ளைப் புள்ளி வைத்தது அவள். விற்காமல் கிடந்தபோது வராத வேதனை, விற்றுத் தெருவில் கிடந்தபோது வந்தது. எல்லாவற்றையும் பொறுக்கி முந்தானையில் போட்டு, கழுவி உள்ளே கொண்டுபோனாள். அன்றைக்கு யாரையும் திட்டவில்லை. செந்தில்வேல் பயந்துபோய் உடம்புக்கு என்னவென்று கேட்டார்.

இந்தச் சமயத்தில்தான் திருமலைச்சாமி தன் வீட்டுக் காரியத்தோடு வந்தார். மகன் மனோஜ்குமாருக்குக் கொடைக்கானலுக்கு மேலே இருக்கும் போளூரில் பெண் பார்த்திருந்தார். மேல்மலையில் பூண்டு போடும் வேலுமணியின் மகள் வள்ளி. இரண்டு குடும்பமும் வந்திருந்தது. மாப்பிள்ளை கூலிங் கிளாஸைக் கழற்றவில்லை.

"எல்லாம் பேசி முடிச்சாச்சுங்கம்மா. ஒரு வாக்குக் கேட்டுட்டுத் தட்ட மாத்திக்கலாம்னு வந்தோம். பொண்ணு கையாலயே எடுக்கட்டும்ங்க" என்றார் திருமலைச்சாமி, பெரிய மனசு பண்ணி.

அந்தப் பெண்ணுக்கு இருபத்து நாலு வயது இருக்கும். தாம்பாளத்தின் முன்னால் நின்று கண்ணை மூடினாள். கை பொட்டலங்கள் மேல் மெல்லப் போயிற்று. ஒன்றைத் தொட்டாள், விட்டாள். இன்னொன்றைத் தொட்டாள், விட்டாள். உதடு அசைந்தது. என்ன பக்தி என்று கூட்டம் மெச்சியது. கடைசியில் அடியிலிருந்து ஒன்றை உருவித் திருமலைச்சாமி கையில் கொடுத்தாள். அவர் பிரித்தார். குரங்கு.

திருமலைச்சாமி குரங்கைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். சாஸ்திரம் எழுதியவரே அவர்தான், இப்போது எப்படி மாற்றிச் சொல்வது? "முருகன் வாக்கு" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு வேனில் ஏறிவிட்டார். வேலுமணி தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். மகள் குரங்கைப் பையில் போட்டுக்கொண்டு அப்பாவைக் கையைப் பிடித்து அழைத்துப் போனாள்.

"மூணு மாசமா அலைஞ்சு முடிச்ச சம்பந்தம்ங்க" என்று மட்டும் அவர் முருகேஸ்வரியிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அது முருகேஸ்வரியின் நெஞ்சில் தைத்துவிட்டது. தான் அமுக்கின பிளாஸ்டிக் குரங்கு ஒரு பெண்ணின் கல்யாணத்தைக் கெடுத்துவிட்டது. அவள் சோறு இறங்காமல் இரண்டு நாள் கிடந்தாள். தாம்பாளத்திலிருந்து குரங்கையெல்லாம் பொறுக்கி எடுத்தாள். குரங்கு போனபின் படகு வந்தவர்கள் அழுதார்கள். படகையும் எடுத்தாள். போகப் போக மயிலும் யானையும்தான் மிஞ்சும் போலிருந்தது.

அந்த வாரமே சுப்புராஜ் மலையை விட்டு இறங்கி நேரில் வந்தான். முருகேஸ்வரி உள்ளே தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில் யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில் ஒரு பொட்டலம் எடுத்துப் பிரித்துப் பார்த்து, யானை என்றதும் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"அக்கா, நாலடித் தட்டு என்ன, பக்கத்துத் தட்டும் ஒங்களுக்குத்தான். கொடைக்கானல் பூரா இதே பேச்சு. பொட்டலத்துல குடுங்க. மயில் மட்டும் போதும். எவன் காசு குடுத்துக் கெட்ட வாக்கு வாங்குவான்?"

"மத்த பதினொண்ணு?"

"அதெல்லாம் எதுக்குக்கா. பரண்ல போடுங்க."

உத்திரத்துக்குள் சொல்கிறேன் என்றாள். கேட்டது கிடைத்துவிட்டது. தட்டு இருக்கிறது. ஆனால் அதில் மயில் மட்டும், அதுவும் தாளுக்குள் முகம் தெரியாமல். சுப்புராஜ் போனபின் மெஷின் பக்கத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். மயிலை மட்டும் அமுக்கினால் சாகிற வரைக்கும் சோற்றுக்குக் கவலை இல்லை. அதை நினைக்க நினைக்க எரிச்சலாக வந்தது.

உத்திரத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது வள்ளி வந்தாள். தனியாக. தீர்த்தக் காவடிக் கூட்டம் ரோட்டை அடைத்துக்கொண்டு போனது, அதற்குள் புகுந்து சந்தைக் கண்டுபிடித்து வந்து நின்றாள்.

"அக்கா, என்னைய ஞாபகம் இருக்கா? குரங்கு எடுத்தேனே."

முருகேஸ்வரி எழுந்து நின்றாள். "இருக்கு தாயி. திட்டணும்னா திட்டிட்டுப் போ. நானே என்னையத் திட்டிக்கிட்டுத்தான் கெடக்கேன்."

"திட்டவா? நான் தேடித்தான்க்கா எடுத்தேன்."

"என்னத்தத் தேடி எடுத்த?"

"குரங்க. வாலு குத்துச்சுல்ல. மேல இருந்ததெல்லாம் யானை, பூண்டு, பஸ்ஸு. ரெண்டு மயில் வேற இருந்துச்சு. பயந்தே போயிட்டேன். அடியிலதான் ஒம்பதாம் நம்பர் கெடச்சுது."

முருகேஸ்வரி தாம்பாளத்திலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து அவள் கையில் வைத்தாள். "இது?"

வள்ளி கட்டைவிரலால் தடவினாள். "மூணு. யானை. தும்பிக்கைக்கு அடியில ஒரு பிசிறு இருக்கும்."

"இது?"

"பன்னெண்டு. பேரிக்காய். காம்பு கோணலா இருக்கு பாருங்க."

அந்தப் பிசிறும் அந்தக் கோணலும் முருகேஸ்வரிக்கு மட்டும் தெரிந்த குறைகள். இருபத்தாறு வருஷத்தில் ஒருத்தரும் சொன்னதில்லை. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சந்தோஷமாக இருந்தது. இவ்வளவு சந்தோஷத்தை என்ன செய்வதென்று தெரியாமல் பெண்ணைத் திட்டத் தொடங்கினாள்.

"ஏண்டி, அந்தப் பையன் பிடிக்கலேன்னா நேரா மாட்டேன்னு சொல்ல வேண்டியதுதான? என் குரங்கு எதுக்கு ஒனக்கு?"

"நாலு தடவ சொன்னேன்க்கா. வீட்டுக்கு வந்தப்ப கர்ச்சீப்பால மூக்கப் பொத்திக்கிட்டு, வீடு பூரா பூண்டு நாத்தம்னான். பூண்டு வித்துத்தான எங்கப்பா என்னையப் படிக்க வச்சாரு? அதையும் சொன்னேன். நான் சொன்னா அடமாம். குரங்கு சொன்னா வாக்கு."

"அப்பாரு மனசு?"

"வேதனதான் பட்டாரு. போன வாரம் அந்த வீட்டு லட்சணம் வேற வழியா காதுக்கு வந்துருச்சு. இப்ப குரங்கச் சாமி படத்துக்குப் பக்கத்துல வச்சுருக்காரு."

முருகேஸ்வரி சிரித்த சிரிப்பில் செந்தில்வேல் நாற்காலியிலிருந்து எழுந்தே வந்துவிட்டார்.

வள்ளி வந்த காரியத்தைச் சொன்னாள். சின்ன வயதில் அப்பா ஞாயிற்றுக்கிழமைச் சந்தை முடிந்து, காய் நல்ல விலைக்குப் போன நாளில், சுப்புராஜ் கடையில் ஒன்று வாங்கித் தருவார். அப்படிச் சேர்ந்தது பதினொன்று. ஏழு மட்டும் கிடைக்கவே இல்லை. தட்டில் நிற்கிற ஒன்றைக் கேட்டால் அது ஷோவுக்கு என்று விரட்டிவிடுவான். வேலைக்குப் போன பிறகும் மூன்று தடவை போய்க் கேட்டிருக்கிறாள்.

"அது வெயில் பட்டு வெளுத்துக் கெடக்கும். அது எதுக்கு ஒனக்கு?" என்று முருகேஸ்வரி எழுந்தாள். ஏழாம் நம்பர் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கினாள். டையைத் துடைத்து மெஷினில் பூட்டினாள். கறுப்புக் குருணையைப் போட்டாள். சூடு ஏறுகிற வரைக்கும் மாப்பிள்ளை வீட்டாரின் மூக்கைப் பற்றிப் பேசினார்கள்.

முதலில் வந்ததுக்கு ஒரு கொம்பு இல்லை. இரண்டாவது முழுசாக வந்தது, கொம்பு, திமில், அடியில் ஏழு. கையில் வாங்கிய வள்ளி சுடுகிறது என்றுகூடச் சொல்லவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று மூன்றாவது தடவை கைப்பிடியை இறக்கினாள் முருகேஸ்வரி. டொக்கென்று ஒரு சத்தம். டை கழுத்தோடு இரண்டாகப் பிளந்துவிட்டது.

"ஐயோ, என்னால..." என்றாள் வள்ளி.

"ஒன்னால என்ன. பொறந்ததுலேர்ந்தே அதுக்கு அங்கன வலி. மாட்டோட காலக் காட்டு, வெள்ள வைக்கணும்."

காட்டுமாட்டுக்கு முழங்காலுக்குக் கீழே காலுறை போட்ட மாதிரி வெள்ளையாக இருக்கும். முருகேஸ்வரி பிரஷ்ஷை எடுத்து ஒவ்வொரு காலாக வைத்தாள். கடைசி பஸ் போய்விடும் என்று வள்ளி அவசரப்பட்டாள். "வெரசா போ, வெரசா போ" என்று காசை வாங்கி முடிந்துகொண்டு அனுப்பினாள். சும்மா கொடுக்கவில்லை. விலைக்கு வாங்கத் தெரிந்த ஒரே ஆளிடம் சும்மா கொடுத்துக் கெடுப்பாளா?

அடுத்த நாளே சுப்புராஜுக்குப் போன் போட்டாள்.

"தம்பி, தட்ட அந்தப் பல்லுக்காரிக்கே குடுத்துரு."

"ஏன்க்கா, ஓடுற யாவாரத்தப் போயி..."

"ஓடுறது என் பொம்ம இல்லடா. தாளப் பிரிச்சுத் தெருவுல போட்டுப் போறானுங்க. நீயே யானைய எடுத்து என்ன பண்ண, சொல்லு?"

சுப்புராஜுக்கு நினைவில்லை. பஸ் சீட்டிலேயே வைத்துவிட்டிருப்பான்.

மிச்சமிருந்த பொட்டலங்கள் உத்திரத்தோடு தீர்ந்தன. செந்தில்வேலுக்கு மனசு கேட்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்கு ஒரு தொழில் அமைந்திருந்தது. மிச்சத் தாளில் வெள்ளைப் பூவும் செவ்வரளியும் வைத்துத் தானே மடித்துத் தாம்பாளத்தில் போட்டார். வரிசை குறையவில்லை. பொம்மை எங்கே என்று ஒரு ஆள்கூடக் கேட்கவில்லை. முருகேஸ்வரி இரண்டு நாள் வாசலில் நின்று பார்த்தாள், யாராவது கேட்பார்கள் என்று. அப்புறம் உள்ளே போய்விட்டாள்.

இப்போது அந்த மெஷினில் பஞ்சாமிர்த டப்பாவுக்கு மூடி அமுக்குகிறாள். மூடியை யாரும் சேர்த்து வைக்கப்போவதில்லை, தெருவில் கிடந்தால் வயிறு எரியவும் வேண்டியதில்லை. கொம்பில்லாத காட்டுமாடு மட்டும் மெஷின் மேல் நிற்கிறது. கொடைக்கானலுக்கு அவள் போவதில்லை. தட்டு முழுக்கப் பல்லாக இருக்கிறது என்று சுசித்ரா சொன்னாள்.

போன வாரம் வள்ளி போனில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். போளூர் வீட்டில், பூண்டு மூட்டைகளுக்கு மேலே அடித்த ஒரு பலகை. அதில் ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை, வரிசை பிசகாமல், நடுவில் காட்டுமாடு. கீழே எழுதியிருந்தாள்: பதிமூணாவது எப்பக்கா வரும்?

முருகேஸ்வரி கை துடைத்துக்கொண்டு, இரண்டு விரலால் படத்தை இழுத்துப் பெரிசாக்கினாள். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே ஏழுக்கு வந்தாள். அங்கே நின்றுவிட்டாள். பிறகு பொத்தானை அமுக்கிப் பேசினாள்.

"ஏண்டி, பின்னங்கால் ஒண்ணுக்கு வெள்ள வைக்கல. அவசரத்துல விட்டுப்போச்சு. பாத்துக்கிட்டுச் சும்மாவா இருந்த? அடுத்து எறங்கி வரும்போது அத எடுத்துட்டு வா."